அடுப்பை அணைக்கச் சொல்லும் அரசு எரிவாயுவை எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறது

தலைநகர் டெல்லியில் குளிர்காலம் தொடங்கும்போது குற்றவாளியைத் தேடும் படலமும் தொடங்கிவிடுகிறது. அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் பஞ்சாப், ஹரியானா விவசாயி கூண்டில் நிறுத்தப்படுகிறார். நெல் தாளை எரித்ததற்காக அவர் மீது அபராதமும் வழக்கும் பாய்கின்றன. நவம்பர் முடிவதற்குள் கோதுமை விதைப்பு தொடங்கி, வயல்களில் தீ அணைந்துவிடுகிறது. ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் டெல்லியின் காற்று தெளிவதில்லை. அப்போது புதிய குற்றவாளிகள் தேவைப்படுகிறார்கள். தெருவோரத் தந்தூர் அடுப்பில் ரொட்டி சுடுபவர், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் சுள்ளிகளைக் கொளுத்திக் குளிர்காயும் இரவுக் காவலாளி, வேலையிடத்திலேயே மூன்று செங்கல்லை வைத்துச் சமைக்கும் கட்டுமானப் பெண் தொழிலாளி ஆகியோர் அந்த இடத்தை நிரப்புகிறார்கள்.

இதற்கான ஆணைகளும் தயாராக உள்ளன. 2017 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட படிநிலை நடவடிக்கைத் திட்டம், இன்று தேசியத் தலைநகர் மண்டலத்திற்கான காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தின் வழியாகச் செயல்படுத்தப்படுகிறது. காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டி முதல் படிநிலை அமலானதுமே, உணவகங்களிலும் திறந்தவெளிச் சாப்பாட்டுக் கடைகளிலும் விறகும் கரியும் எரிக்கக் கூடாது. 2025 டிசம்பரில் டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு விறகு, கரித் தந்தூர்களுக்கு எதிராகத் தனி ஆணையே பிறப்பித்தது. திறந்தவெளியில் குப்பையையும் சருகுகளையும் எரிப்பவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015லேயே உத்தரவிட்டிருந்தது.

இந்த ஆணைகளை இடதுசாரி இயக்கம் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும்? இரண்டு எளிய விடைகள் புழக்கத்தில் உள்ளன. "யார் எரித்தால் என்ன, புகை புகைதான், தடை செய்" என்பது முதல் விடை. காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்க வசதியுள்ளவர்களின் குரல் இது. "ஏழையின் அடுப்புப் புகை ஒரு பொருட்டே அல்ல, கார்களையும் ஆலைகளையும் மறைப்பதற்காகக் கிளப்பப்பட்ட புரளி" என்பது இரண்டாவது விடை. இது நம் தரப்பிலிருந்தும் அவ்வப்போது நல்லெண்ணத்தோடு ஒலிக்கிறது. இரண்டு விடைகளும் உழைக்கும் பெண்ணைப் புகைக்குள்ளேயே விட்டுவிடுகின்றன. முதலாவது விடை அவளுடைய நெருப்பைப் பறித்துவிட்டு மாற்று எதையும் தருவதில்லை. இரண்டாவது விடை அவளுடைய நுரையீரலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

புகை புரளி அல்ல

உண்மையிலிருந்து தொடங்குவோம். டெல்லியின் காற்றைப் பற்றிக் கான்பூர் ஐ.ஐ.டி. நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. குளிர்காலத்தில் டெல்லிக் காற்றிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களில் சுமார் 26 சதவீதம் உயிர்மப் பொருட்களை, அதாவது விறகு, வறட்டி, தாள், சருகு போன்றவற்றை எரிப்பதால் வருகிறது என்று அது மதிப்பிட்டது. வாகனங்களின் பங்கு சுமார் 25 சதவீதம். வாயுக்கள் காற்றிலேயே வேதிமாற்றம் அடைந்து உருவாகும் துகள்களின் பங்கு சுமார் 30 சதவீதம். 2023இல் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் வெளிவந்த மற்றொரு ஆய்வு, டெல்லியின் குளிர்கால இரவுகளில் நுண்துகள்கள் மளமளவெனப் பெருகுவதற்குக் காரணம் சமையலுக்கும் குளிர்காய்வதற்கும் எரிக்கப்படும் உயிர்மப் பொருட்களின் புகையே என்று காட்டியது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மே மாதத்தில் எரியும் அதே அடுப்பு ஜனவரியிலும் எரிகிறது. அதனோடு குளிருக்கான கணப்புத் தீயும் சேர்ந்துகொள்கிறது. கோடையில் சூடான நிலம் காற்றை மேலே தள்ளுவதால் புகை உயர எழுந்து கலைந்துவிடுகிறது. குளிர்கால இரவில் நிலம் வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மீது சற்று வெப்பமான காற்று மூடி போல அமர்ந்துகொள்கிறது. காற்றின் வேகமும் குறைந்துவிடுகிறது. அந்த மூடிக்குக் கீழே வெளிவரும் புகை போக இடமின்றித் தங்கிவிடுகிறது. வடக்கே இமயமலை அரண்போல நிற்க, பஞ்சாப் முதல் வங்காளம் வரை நீளும் கங்கைச் சமவெளி முழுவதும் இந்த மூடியின் கீழ்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

இது டெல்லியோடு முடியும் செய்தியும் அல்ல. மும்பை ஐ.ஐ.டி.யும் பங்கேற்று 2018இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று, 2015ஆம் ஆண்டில் இந்தியாவின் வெளிக்காற்று நுண்துகள் மாசில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வீட்டு அடுப்புகளில் விறகு, வறட்டி முதலியவற்றை எரிப்பதால் வந்தது என்று கணக்கிட்டது. அந்த வெளிக்காற்று மாசினால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2.68 லட்சம் பேர் இறந்ததாக அது மதிப்பிட்டது. தனித்தனி மூலங்களை வரிசைப்படுத்தினால் நிலக்கரிக்கும் மேலே, முதலிடத்தில், வீட்டு அடுப்பு நிற்கிறது.

இந்த எண்களைச் சொல்வது ஆளும் வர்க்கத்திற்கு ஆயுதம் கொடுப்பதாகாதா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று பார்த்தால் ஐயம் தீரும். மக்கள் நெருக்கத்தாலும் காற்றின் ஓட்டத்தாலும் அடுப்புப் புகை ஊர் முழுவதும் பரவுவது பிறகுதான். அதற்கு முன்பே அது அடுப்பை ஊதும் பெண்ணின் நெஞ்சுக்குள் போய்விடுகிறது. அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போய்விடுகிறது. 2019ஆம் ஆண்டில் இந்தியாவில் காற்று மாசினால் நேர்ந்த 16.7 லட்சம் இறப்புகளில் சுமார் 6.1 லட்சம் வீட்டுக்குள் நிறையும் புகையினால் நேர்ந்தவை என்று 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். வாழ்நாளில் ஒரு பீடிகூடப் புகைக்காத பெண்கள், புகைப்பவர்களுக்கு வரும் நுரையீரல் அடைப்பு நோயால் மூச்சுத் திணறுகிறார்கள். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் படியும் தூசியைத் தொழிற்சங்கம் தன் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளும்போது, கூலியில்லாத வேலையான சமையலில் ஈடுபடும் பெண்ணின் நுரையீரலில் படியும் கரியை நாம் எப்படி ஒதுக்கிவைக்க முடியும்?

பழக்கமா, பணமா?

அப்படியானால் அவள் ஏன் விறகை விடவில்லை? ஆள்வோரும் அவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்களும் தரும் பதில்: "பழக்கம். விறகடுப்பில் சுட்ட ரொட்டியின் ருசி. விழிப்புணர்வின்மை." எனவே விளம்பரப் பதாகைகளும் விழிப்புணர்வு முகாம்களும் நடத்தப்படுகின்றன.

இந்தப் பதிலைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. கவுதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு இந்தியாவும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வின் இந்தியப் பகுதி, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பொறுப்பில் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிக் கிராமங்களில் நடத்தப்பட்டது. விறகில் சமைத்துவந்த கருவுற்ற பெண்களின் வீடுகளுக்கு எரிவாயு அடுப்பும், பதினெட்டு மாதங்களுக்குத் தடையின்றி இலவச எரிவாயுவும் வழங்கப்பட்டன. அந்த வீடுகள் ஏறத்தாழ முழுமையாக எரிவாயுவுக்கு மாறின. பெண்கள் சுவாசித்த நுண்துகளின் அளவும் வெகுவாகக் குறைந்தது. பல தலைமுறைப் பழக்கம் என்று சொல்லப்பட்டது, சிலிண்டர் கையிருப்பில் இருந்ததும் மறைந்துபோனது.

இனி நாட்டு நடப்பைப் பாருங்கள். 2016 மே 1 அன்று, உழைப்பாளர் தினத்தில், உத்தரப்பிரதேசத்தின் பல்லியாவில் பிரதமர் உஜ்வாலா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2019 செப்டம்பரில் எட்டு கோடி இணைப்புகள் கொடுத்தாயிற்று என்று விழா எடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2018 டிசம்பர் இறுதி வரையிலான பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்களே வாங்கினார்கள் என்று அம்பலப்படுத்தியது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் எரிவாயுவில் மட்டுமே சமைப்பதானால் எட்டு அல்லது ஒன்பது சிலிண்டர்கள் தேவை. அதாவது ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் எரிந்தது விறகுதான். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வும் இதையே உறுதி செய்தது. கிராமப்புறக் குடும்பங்களில் 43.2 சதவீதம் மட்டுமே தூய எரிபொருளில் சமைத்தன.

காரணத்தை விலைப்பட்டியலில் காணலாம். 2014 மே மாதத்தில் டெல்லியில் மானிய விலை சிலிண்டர் சுமார் 414 ரூபாய். 2020 மே மாதத்திலிருந்து மானியம் சத்தமின்றி நிறுத்தப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் கொடுத்த மூன்று இலவச சிலிண்டர்கள் நீங்கலாக, 2022 மே வரை உஜ்வாலா குடும்பங்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் விலை 1,103 ரூபாயைத் தொட்டது. தேர்தல்கள் நெருங்கியபோது 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைத்தார்கள். தேர்தல் முடிந்தபின் 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றினார்கள். உஜ்வாலா குடும்பங்களுக்கும் அந்த ஏற்றம் பொருந்தியது. அந்த ஏற்றத்துக்குப் பின் டெல்லியில் விலை 853 ரூபாய். உஜ்வாலா மானியமான 300 ரூபாய் போக 553 ரூபாய்.

அந்த 300 ரூபாயும் கழித்துக்கொண்டு தரப்படுவதில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது முழு விலையையும் ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும். மானியம் பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். 2025-26இல் உத்தரப்பிரதேசத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் கூலி 252 ரூபாய். ஒரு சிலிண்டரை இறக்கிக்கொள்ள மூன்று நாள் கூலிக்கும் மேல் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். நாள்தோறும் கூலி வாங்கி நாள்தோறும் அரிசியும் மாவும் வாங்கும் வீட்டில் அப்படியொரு தொகை எந்த நாளில் இருக்கும்? வறட்டிக்கும் சுள்ளிக்கும் பணம் தேவையில்லை. பெண்ணின் நேரமும் உடம்பும் போதும். அவற்றுக்கு இச்சமூகம் விலை வைப்பதில்லை என்பதால்தான் விறகு "மலிவான" எரிபொருளாகத் தோற்றம் தருகிறது.

நகரத்துக்கு இடம்பெயர்ந்த தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். அவருடைய இணைப்பு பீகாரிலோ பந்தேல்கண்டிலோ சொந்த ஊரில் இருக்கிறது. டெல்லியில் வாடகை அறைக்கு முகவரிச் சான்று தர வீட்டுக்காரர் மறுக்கிறார். சிறு உருளையில் கிலோக் கணக்கில் நிரப்பிக்கொள்ள அவர் கொடுக்கும் விலை, குளிரூட்டப்பட்ட வீட்டில் வாழ்பவர் கொடுக்கும் விலையைவிட அதிகம். அது முடியாத வாரங்களில், கட்டுமான இடத்தில் உடைந்து கிடக்கும் சாரப் பலகைகள் அடுப்புக்குப் போகின்றன.

நிதி ஒதுக்கீட்டிலேயே எரியும் விறகடுப்பு

2025 ஆகஸ்ட் 8 அன்று ஒன்றிய அமைச்சரவை, 2025-26ஆம் ஆண்டின் உஜ்வாலா மானியத்துக்கு 12,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஊடகங்கள் இதைப் பெண்களுக்கான பரிசு என்று கொண்டாடின. முன்பு ஆண்டுக்கு 12 சிலிண்டர்களுக்குக் கிடைத்துவந்த மானியம் அதே அறிவிப்பில் 9 சிலிண்டர்களாகக் குறைக்கப்பட்டதை அவை பெரிதுபடுத்தவில்லை.

அதைவிட முக்கியமானது அறிவிப்புக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு. சிலிண்டருக்கு 300 ரூபாய் வீதம் 12,000 கோடி ரூபாயைப் பகிர்ந்தால் 40 கோடி சிலிண்டர்களுக்கு மட்டுமே மானியம் வரும். 2025 ஜூலை நிலவரப்படி உஜ்வாலா இணைப்புகள் 10.33 கோடி. ஒரு குடும்பத்துக்கு நான்கு சிலிண்டர்கள்கூடத் தேறவில்லை. எல்லாக் குடும்பங்களும் தமக்கு உரிமையென்று சொல்லப்பட்ட ஒன்பது சிலிண்டர்களையும் வாங்கினால் மானியத்துக்குச் சுமார் 28,000 கோடி ரூபாய் வேண்டும். அதில் பாதிக்கும் குறைவாகவே ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதன் பொருள் என்ன? ஏழைப் பெண்கள் ஒன்பது சிலிண்டர் வாங்கப்போவதில்லை என்பது நிதி அமைச்சகத்துக்குத் தெரியும். ஆண்டில் ஏழெட்டு மாதங்கள் அவர்கள் விறகையும் வறட்டியையும் எரிப்பார்கள் என்ற அனுமானத்தின் மீதே அரசு தன் கணக்கை எழுதியிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி மூன்றாக இருந்த நுகர்வு 2024-25இல் ஏறத்தாழ நாலரையாக உயர்ந்துவிட்டது என்று சாதனை பேசுகிறார்கள். அந்தச் சாதனைக்குப் பிறகும் பாதி ஆண்டு விறகுதான். ஒரு கையால் விறகுத் தீக்குத் தடை ஆணை எழுதும் ஆட்சி, மறு கையால் விறகடுப்பு எரியும் என்று நம்பித் தன் செலவை மிச்சப்படுத்துகிறது.

பணமில்லை என்பார்கள். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரி விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது, அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை இழப்பதாக நிதியமைச்சரே அறிவித்தார். இந்தத் தொகை உஜ்வாலா மானியத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு. பன்னாட்டுச் சந்தை விலை உயர்கிறது, எரிவாயுவில் சுமார் 60 சதவீதத்தை இறக்குமதி செய்கிறோம் என்றும் சொல்வார்கள். இறக்குமதி உண்மை. ஆனால் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து 2023-24இல் சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் ஈட்டியதும் உண்மையே. பன்னாட்டு விலை ஏறும்போது சுமை சமையலறைக்கும், இறங்கும்போது லாபம் கருவூலத்துக்கும் பங்குதாரருக்கும் போவது ஓர் அரசியல் முடிவு. சந்தையின் மீது பழிபோட்டு அந்த முடிவை மறைக்க இடம் தரக் கூடாது.

தந்தூருக்கு ஒரு சட்டம், அனல் மின் நிலையத்துக்கு ஒரு சட்டம்

ஏழையின் நெருப்புக்குக் காட்டப்படும் கண்டிப்பு வேறு இடங்களில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். அனல் மின் நிலையங்களின் புகைபோக்கியிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2015 டிசம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டன. கந்தக நீக்கக் கருவிகளைப் பொருத்த இரண்டாண்டுக் கெடு கொடுக்கப்பட்டது. அந்தக் கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலை 11 அன்று ஒரே அறிவிக்கையில், நாட்டின் அனல் மின் அலகுகளில் ஏறத்தாழ 78 சதவீதத்துக்கு அந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டார்கள். தலைநகர் மண்டலத்தையும் பெருநகரங்களையும் ஒட்டிய ஆலைகளுக்கும் 2027 டிசம்பர் வரை அவகாசம் உண்டு. விதி வந்து பன்னிரண்டு ஆண்டுகள்!

காற்றில் கந்தக வாயுவின் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அரசின் வாதம். வாயுவை மட்டும் அளந்துவிட்டுச் சொல்லும் வாதம் இது. அந்த வாயு பல நூறு கிலோமீட்டர் பயணிக்கும்போது சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. மேலே குறிப்பிட்ட கான்பூர் ஆய்வு, டெல்லியின் குளிர்கால நுண்துகளில் சுமார் 30 சதவீதம் இவ்வாறு காற்றிலேயே உருவாகும் துகள்கள் என்று கண்டது. அதில் கந்தகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆலை முதலாளிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் அவகாசமும் இறுதியில் விலக்கும் கிடைக்கின்றன. தந்தூர்க்காரருக்கோ குறியீடு 200ஐத் தாண்டிய நாளிலேயே அடுப்பு அணைய வேண்டும்.

2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் இதே பாதையில்தான் போகிறது. அந்தத் திட்டப் பணம் எங்கே போனது என்று அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் ஆராய்ந்தது. செலவழிக்கப்பட்ட தொகையில் 64 சதவீதம் சாலைத் தூசியை அடக்கவும், சுமார் 14.5 சதவீதம் உயிர்மப் பொருள் எரிப்பைக் குறைக்கவும், ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத் தொழிற்சாலை மாசுக்கும் போயிருந்தது. தண்ணீர் தெளிக்கும் வண்டிகள் ஓடுவதை மக்கள் பார்க்கிறார்கள். நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் நுண்துகள் அந்தத் தண்ணீருக்கு அடங்குவதில்லை. மேலும் இந்தத் திட்டம் சுமார் 130 நகரங்களுக்கானது. கங்கைச் சமவெளியின் கிராமங்களில் எரியும் பல கோடி அடுப்புகள் இதன் வரம்புக்குள் வருவதில்லை; அவற்றின் புகை மட்டும் நகர எல்லைக்குள் வந்துவிடுகிறது.

குளிருக்கு என்ன பதில்?

சமையலைப் போலவே குளிரும் ஒரு வர்க்கப் பிரச்சினை. ஜனவரியில் டெல்லியின் வெப்பநிலை நான்கு டிகிரிக்கும் கீழே இறங்கும் இரவுகள் உண்டு. இரவுக் காவலாளி பன்னிரண்டு மணி நேரம் வாயிலில் நிற்கிறார். காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் குடியிருப்போர் சங்கங்கள் மின் கணப்பு வழங்க வேண்டும் என்று படிநிலைத் திட்டமே சொல்கிறது. ஆனால் காவலாளி ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். குடியிருப்போர் சங்கம் தன்னை அவருடைய முதலாளியாகவே கருதுவதில்லை. மின் கணப்பு வராத இரவில் அவர் சருகைக் கொளுத்துகிறார். அபராதமும் வசவும் அவரையே சேர்கின்றன.

உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் குளிரலை வீசும்போது நகரச் சந்திப்புகளில் விறகு போட்டுத் தீ மூட்டுவது மாவட்ட நிர்வாகங்களின் அதிகாரப்பூர்வ நிவாரணப் பணி. 'அலாவ்' எனப்படும் அந்தத் தீயைச் சுற்றி ரிக்‌ஷா இழுப்பவர்களும் வீடற்றவர்களும் இரவைக் கழிக்கிறார்கள். கூரையும் கம்பளியும் தர இயலாத அரசு, அவர்களுக்கு நெருப்பைத் தருகிறது. அடுத்த மாநிலத்தில் அதே நெருப்பு குற்றமாகிறது. தகரக் கூரை போட்ட அறைகளில் கதவைச் சாத்திவிட்டு, 'அங்கீட்டி' எனும் கரிக் குமுட்டி அடுப்பை அருகில் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்திய நாளிதழ்களில் வருகிறது. கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாத நஞ்சு. செய்தி அதை விபத்து என்று எழுதுகிறது. நான்கு டிகிரிக் குளிரில் வேறு வழியில்லாமல் செய்த காரியத்துக்கு விபத்து என்பது பொருத்தமான பெயரா?

தடைக்கு முன் மாற்று. மாற்றுக்குச் செலவிட வேண்டியது அரசு

ஆகவே நமது நிலை தெளிவாக இருக்க வேண்டும். விறகுப் புகை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதை ஒழிப்பதற்கான செலவை எரிப்பவரின் வயிற்றிலிருந்து எடுக்கக் கூடாது. இந்தக் கோட்பாட்டுக்கு முன்னுதாரணமும் உண்டு. மாசு காரணமாகக் கட்டுமானப் பணிகள் நிறுத்தப்பட்டபோது, பதிவு செய்த தொழிலாளர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. டெல்லியில் சுமார் 90,000 பேருக்குத் தலா 8,000 ரூபாய் வழங்க வேண்டியதாயிற்று. பதிவு செய்யப்படாதவர்கள் விடுபட்டுப் போனார்கள் என்பது அதன் பெருங்குறை. எனினும் பொது நன்மைக்காக ஒரு தொழிலாளியின் பிழைப்பை நிறுத்தினால் பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்பது அங்கே ஏற்கப்பட்டுவிட்டது. தந்தூர்க்காரருக்கும் தெருவோர உணவுக் கடைக்காரருக்கும் அது ஏன் பொருந்தாது?

கீழ்க்காணும் கோரிக்கைகளை மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும்.

முதலாவது, உஜ்வாலா குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒன்பது சிலிண்டர்கள், தலா 300 ரூபாய் விலையில் கிடைக்க வேண்டும். டெல்லி விலையை அடிப்படையாகக் கொண்டால் இதற்கு ஆண்டுக்குச் சுமார் 51,000 கோடி ரூபாய் ஆகும். கார்ப்பரேட்டுகளுக்கு விட்டுக்கொடுத்த வரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே இது.

இரண்டாவது, மானியத்தைக் கழித்துக்கொண்டு சிலிண்டரைத் தர வேண்டும். முழு விலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முறை கைவிடப்பட வேண்டும்.

மூன்றாவது, புலம்பெயர் தொழிலாளியின் இணைப்பு அவர் வேலை செய்யும் ஊரில் செல்ல வேண்டும். வாடகை ஒப்பந்தமோ வீட்டுக்காரர் கையெழுத்தோ கேட்கக் கூடாது. ஐந்து கிலோ சிலிண்டருக்கும் அதே மானிய விகிதம் வேண்டும்.

நான்காவது, தெருவோரக் கடைகளின் விறகு, கரி அடுப்புகளை எரிவாயு அல்லது மின் அடுப்பாக மாற்றும் செலவை அரசு ஏற்க வேண்டும். மாற்று கைக்கு வரும்வரை பறிமுதலும் அபராதமும் கூடாது.

ஐந்தாவது, இரவுப் பணியாளர்களுக்கு வெப்பமான காவல் அறையும் மின் கணப்பும் தருவது முதன்மை வேலை அளிப்பவரின் சட்டப்பூர்வப் பொறுப்பாக வேண்டும். வீடற்றோருக்குப் போதிய இரவுக் காப்பகங்கள் வேண்டும்.

ஆறாவது, அனல் மின் நிலையங்களுக்கு 2025 ஜூலையில் வழங்கிய விலக்கு திரும்பப் பெறப்பட வேண்டும்.

இறக்குமதி எரிவாயுவையே என்றென்றும் நம்பியிருக்க முடியாது. மின் அடுப்பை நோக்கி நாடு நகர்ந்தாக வேண்டும். அதற்கு ஏழைக் குடும்பங்களுக்குத் தடையற்ற, மலிவான மின்சாரம் வேண்டும். மின் விநியோகத்தைத் தனியாருக்குத் தாரை வார்க்கும் கொள்கையோடு அது ஒருபோதும் பொருந்தாது. தூய காற்றுக்கான போராட்டமும் மின்வாரியங்களைப் பாதுகாக்கும் போராட்டமும் இந்த இடத்தில் ஒன்றுசேர்கின்றன.

மாதர் அமைப்பும் தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இணைந்து எடுக்க வேண்டிய பணி இது. கிளைகள் தத்தம் பகுதியில் ஓர் எளிய கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம். உஜ்வாலா இணைப்பு உள்ள வீடுகள் எத்தனை, கடந்த ஆண்டில் எத்தனை சிலிண்டர்கள் வாங்கினார்கள், வாங்க முடியாமல் போனது எந்த மாதங்களில் என்ற மூன்று கேள்விகள் போதும். அந்த விடைகளை எரிவாயு முகமை வாயிலிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மக்களைத் திரட்டி முன்வைக்கும்போது, "பழக்கம்" என்ற பொய் நிற்க முடியாது. காற்றைக் காப்பது பற்றி இனி எந்த அமைச்சர் பேசினாலும், ஒன்பது சிலிண்டருக்கு உரிமை தந்துவிட்டு நான்கு சிலிண்டருக்குக்கூடப் போதாத பணத்தை ஒதுக்கியது ஏன் என்ற கேள்விக்கு அவர் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை நாடெங்கும் எழுப்புவோம்.